முழு மரியாதையோடு வந்த சேதி

ஒரு காரியத்தைச் செய்வதென்று அரசாங்கம் முடிவெடுத்துவிட்டால் முதல் வேலையாக ஒரு பெயர்ப்பலகை அடிக்கும். காரியம் நடக்கிறதோ இல்லையோ, பலகை நின்றுவிடும். கஹவத்தை டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தோட்டப்புறத் தகவல் பணியகத்தின் மாடியில் அப்படியொரு பலகை சுபநேரம் பார்த்து ஏற்றப்பட்டது. மேலே சிங்களம், கீழே இங்கிலீஷ், நடுவில் தமிழ். நடுவில் இருந்த தமிழ் இதுதான்: "திறந்த மூல அரட்டை வாடிக்கையாளர் அபிவிருத்திப் பிரிவு."

இங்கிலீஷில் அது யாருக்கும் வெட்கம் தராத விஷயம். போனில் சேதி அனுப்புகிற செயலி ஒன்று. அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், காசு கிடையாது. அவ்வளவுதான் சங்கதி. தமிழுக்கு வந்ததும் அது ஆஸ்பத்திரிச் சமாசாரம் ஆகிப்போனது. பலகை ஏறிய சூட்டோடு கலவானையிலிருந்து ஒரு பெரியவர் பஸ் பிடித்து வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றபடியே, "டொக்டர் எத்தனை மணிக்குங்க வருவாரு?" என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் மஷூரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மஷூர் கொஞ்சமும் அசரவில்லை.

"அகராதியில சோர்ஸ்னா மூலம், சாட்னா அரட்டை, கிளயன்ட்னா வாடிக்கையாளர். சொல்லுக்குச் சொல்லு சரி. மொத்தமா வாசிச்சாத்தான் பிழை. மொத்தமா வாசிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லியே அண்ணன்."

நியாயமான பதில். பலகை அப்படியே இருந்தது. பெரியவருக்கு மட்டும் ஒரு பிளேன்டீ கொடுத்து ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்பினார்கள்.

மஷூர் 'அண்ணன்' என்று கூப்பிட்டது ராமச்சந்திரனை. நமக்கு வேண்டிய ஆள் இவர்தான். கஹவத்தைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பம். பணியகத்தில் இவருக்கு உத்தியோகம் நெறிமுறை உத்தியோகத்தர். சிங்களத்திலும் தமிழிலும் எல்லாரும் சொல்வது "புரோட்டோகோல் மாத்தயா", அதாவது நெறிமுறை ஐயா. ஒரு விழா என்றால் யாருக்கு முதல் வெற்றிலை, யாருக்கு எந்த வரிசையில் நாற்காலி, மங்கள விளக்கில் யார் எந்தத் திரியை ஏற்றுவது என்பதெல்லாம் இவருக்குத் தண்ணிபட்ட பாடு. பிரதேச சபைத் தவிசாளரின் மைத்துனரும் உபதவிசாளரின் மாமனாரும் ஒரே நேரத்தில் வாசலில் இறங்கினால் யாரை முதலில் கும்பிடுவது என்று மற்றவர்கள் விழிக்கும்போது, இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கண்ணை மூடிக் கும்பிட்ட மனிதர் இவர். அந்தக் கும்பிடுக்கு இரத்தினபுரி வரைக்கும் பேர்.

இனிக் காரியம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சப்ரகமுவையில் மழை பெய்தால் மலை இறங்கும். நாவலகந்தைத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவு மேக்கணக்கு. அங்கே தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருக்கிற மலையில் ஆள் கை நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. மழை கூடினால் அந்த லயத்து மக்களுக்குத் தமிழில், விளங்குகிற மாதிரி, நேரத்துக்கு ஒரு சேதி போகவேண்டும். அவர்கள் எழும்பிப் பணிய, கீழே இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். இதுதான் காரியம். அந்த லயத்துத் தொங்கல் காம்பராவில், அதாவது கடைசி அறையில், இருப்பவர் ராமச்சந்திரனின் மாமியார் இராஜம். ஆகையால் காரியம் அவருக்கு ஆபிஸ் காரியம் மட்டுமல்ல. மழைச் சத்தம் கேட்டால் அவர் மனைவிக்குச் சோறு இறங்காது. அவள் சாப்பிடாவிட்டால் இவருக்கும் சாப்பாடு இல்லை.

மழையையும் மலையையும் பார்த்துக்கொண்டு கொழும்பில் ஒரு மெஷின் இருக்கிறது. சேதியைப் போன்களுக்குக் கொண்டுபோக 'மைனா' என்ற அந்தச் செயலி இருக்கிறது. மைனாவுக்கு ஏற்கெனவே நாலைந்து மெஷின்களோடு பேசத் தெரியும். கொழும்பு மெஷின் பேசும் முறை மட்டும் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கவேண்டும். "மைனாவுக்குப் புரோட்டோகோல் ஆதரவு அபிவிருத்தி செய்தல்" என்று கோப்பு பணியகத் தலைவரான பணிப்பாளரின் மேசைக்குப் போனது. பணிப்பாளர் முழுதும் வாசிக்கிறவரல்ல. 'புரோட்டோகோல்' என்ற சொல்லைப் பார்த்தார், முகம் மலர்ந்தார்.

"ஹரி, சரி! அது நம்ம ராமச்சந்திரன் மாத்தயாவோட வேலைதானே!"

இப்படியாகக் கோப்பு ராமச்சந்திரனிடம் வந்தது. நிரல் எழுதுவதற்கு கித்துல்கல ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை லோஜினியை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். கெட்டிக்காரி. வந்த அன்றே விளக்கப் பார்த்தாள்.

"சேர், இந்தப் புரோட்டோகோல் வேற. இது ரெண்டு மெஷின் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற ஒழுங்கு."

"நானும் அதத்தானம்மா சொல்றேன். பேசிக்கிற ஒழுங்கு. மெஷினா இருந்தா மரியாதை வேணாமா? சொல்லு, மொதல்ல என்னா நடக்கும்?"

"மொதல்ல ஹேண்ட்ஷேக் சேர்."

ராமச்சந்திரனுக்குப் புல்லரித்துவிட்டது. "கை குலுக்குமா!"

"அப்பிடி ஒரு பேச்சுக்குச் சொல்றது. நம்ம மைனா மொதல்ல கூப்புடும்..."

"நிப்பாட்டு. நம்ம மைனா கொழும்புக்கு மொதல்ல கை நீட்டுமா? பெரியவர் நீட்டினாத்தாம்மா சின்னவர் புடிக்கணும்."

"சரி சேர். அப்ப கொழும்பு மெஷினையே மொதல்ல கூப்புடச் சொல்லுவோம்."

"அது எப்பிடி? சின்னவர் போய் வணக்கம் வைக்காம பெரியவர் கைய நீட்டுவாரா?"

"அப்ப ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டே நிக்குமே சேர்!"

"நிக்கட்டும். அதுதாம்மா கௌரவம்."

லோஜினி தலையில் கை வைத்தாள். ராமச்சந்திரனுக்கு இதெல்லாம் புதிதல்ல. இப்படி நிற்கிற பெரிய மனிதர்களை அவர் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறார். அதற்கு மருந்தும் தெரியும். நடுவில் ஒருவர் போய், "இவர்தான் அவர், அவர்தான் இவர்" என்று அறிமுகம் செய்துவைக்கவேண்டும். அப்படிச் செய்கிற தகுதி பணிப்பாளருக்குத்தான் உண்டு. ஆகவே பணிப்பாளரின் போனில் ஒரு பட்டன் வைக்கப்பட்டது. அவர் அமுக்கினால் மெஷின் இரண்டும் கை குலுக்கும். வேறு எவரும் அமுக்கக்கூடாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவேண்டும் என்பதற்குக் கம்ப்யூட்டரில் எழுதப்பட்ட முதல் நிரல் இதுவாகத்தான் இருக்கும்.

"இது பிழை சேர்" என்று சொல்ல லோஜினி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அவளுக்கு நிரந்தர நியமனம் வரவில்லை. நிரந்தரம் இல்லாதவர்களிடம் நிரந்தரமாக இருக்கிற பதில் ஒன்றுதான்: "சரி சேர்."

ஒவ்வொரு சேதிக்கும் ஒரு தலைப்பகுதி உண்டு, யாரிடமிருந்து யாருக்கு என்று அதில் இருக்கும் என்று அவள் சொல்லப்போக, ராமச்சந்திரன் அன்று மத்தியானம் சாப்பிடவே போகவில்லை. மாகாணத்தில் தொடங்கி மேக்கணக்குக் கோயில் தலைவர் வரைக்கும் எல்லாப் பேரையும் பதவி வரிசையில் எழுதி எடுத்து வந்தார். ஒருவர் பேரும் விடுபடவில்லை. காலமானவர் இரண்டு பேர்கூட இருந்தார்கள்; அவர்களை எடுத்தால் குடும்பத்தார் மனம் நோகும்.

இந்த நிலையில்தான் பூனை வந்தது. மைனா திறந்த செயலி அல்லவா? உலகத்தில் எங்கோ குளிர் நாட்டில் இருந்துகொண்டு 'தூங்காத பூனை' என்ற பேரில் ஒரு ஆள் லோஜினி எழுதியதைப் பார்த்திருக்கிறார். "இரண்டு மெஷின்கள் பேச ஒரு மனிதர் ஏன் பட்டன் அமுக்கவேண்டும்? எடுத்துவிட்டேன். இப்போது வேலை செய்யும்" என்று ஒரு திருத்தம் அனுப்பினார். சும்மாதான் அனுப்பினார், சம்பளம் கிம்பளம் கேட்கவில்லை. லோஜினி துள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

பணிப்பாளர் ஆடிப்போனார். "யாரோ பூனை வந்து நம்ம கோப்புல கை வைக்குமா? கதவே இல்லாமலா வச்சிருக்கீங்க?"

பூனையிடம் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, அண்மையில் எடுத்த புகைப்படம் ஆகியவை கோரப்பட்டன. பதிலுக்குப் பூனை ஒன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம் வந்தது. புகைப்படம் கடவுச்சீட்டு அளவில் இல்லாத காரணத்தால் திருத்தம் நிராகரிக்கப்பட்டது. மேலும் இப்படிப்பட்ட தொல்லை வராதிருக்கும் பொருட்டு, திறந்த செயலியின் நிரல் முழுவதையும் கடதாசியில் அச்சடித்து இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சாவி பணிப்பாளரிடம்.

மேக்கணக்குப் பெரட்டுக்களத்தில் தொடக்க விழா நடந்தது. தொழிலாளர்கள் காலையில் பேர் கொடுத்துவிட்டு வேலைக்கு மலையேறுகிற இடம் அது. அங்கேதான் கொஞ்சம் சிக்னலும் வரும். விளக்கேற்றினார்கள், பேசினார்கள், மறுபடியும் பேசினார்கள். கடைசியில் பணிப்பாளர் பட்டனை அமுக்க, லயத்துப் போன் எல்லாம் ஒரே நேரத்தில் கீக்கீ என்று மைனா மாதிரிக் கத்தின. சனம் பார்த்தது. மாண்புமிகுவில் தொடங்கி, கௌரவத்தில் நடந்து, பெருமதிப்பில் ஏறி, திருவாளரில் இறங்கி, "ஆகிய அனைவரையும் பணிந்து வணங்கி, மேக்கணக்கு வாழ் மக்களுக்கு இத்தால் அறியத்தருவது யாதெனில்" என்று வந்து, அதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு சேதியில் இடமில்லை. கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதை!

"பேரைக் குறைப்போமா சேர்?" என்று லோஜினி காதோடு கேட்டாள்.

"பேரையா? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? விஷயத்த அடுத்த சேதியில போடு."

சும்மா சொல்லக்கூடாது, சனத்துக்கும் அது பிடித்துத்தான் போனது. ஆபிஸிலிருந்து வருகிற கடிதம் எல்லாம் சிங்களத்தில் வந்து, வாசிக்க ஆள் தேடி அலைகிற லயம் அது. அங்கே தமிழில், அதுவும் தங்கள் தலைவர்கள் பேரும் சேர்ந்து ஒரு சேதி வந்தால் விடுவார்களா? தொழிற்சங்கத் தலைவர் அழகமுத்து தன் பேரைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். கோயில் தலைவர் தம்பையா தன் பேரைப் பார்த்து முகம் சுருங்கினார். அழகமுத்துவுக்கு அடுத்ததாக வந்திருந்தது.

"சாமிக்குப் பொறகா சங்கம்? இல்ல சங்கத்துக்குப் பொறகா சாமி?" என்று அவர் கேட்க, "சம்பளம் வாங்கிக் குடுக்கிறது சாமியா?" என்று இவர் கேட்க, இரண்டு பக்கமும் ஆள் கூடியது. ராமச்சந்திரன் அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொன்னார். ஒரு சேதியில் இவர் முதல், அடுத்த சேதியில் அவர் முதல். கைதட்டல் பெரட்டுக்களத்தைத் தூக்கியது.

அந்தக் கைதட்டலில் கிறங்கிப்போய் அவர் ஒரு காரியம் செய்தார். முன்பு ஒருமுறை, குளம் உடைந்து தண்ணீர் வருகிறது என்று யாரோ போனில் பரப்பிவிட, லயமே மலையேறி ஓடியது. திரும்பி வந்து பார்த்தால் கோழி ஒன்றுகூடக் கூட்டில் இல்லை. அதை ஞாபகப்படுத்தி ராமச்சந்திரன் உரத்துச் சொன்னார்:

"நல்லாக் கேட்டுக்கங்க! முழு மரியாதையோட வர்றதுதான் சேதி. மரியாதை இல்லாம வர்றதெல்லாம் வதந்தி. யாரு சொன்னாலும் நம்பாதீங்க, அசையாதீங்க!"

மாமியார் இராஜம் முன்வரிசையில் உட்கார்ந்து மருமகனைப் பார்த்துக் கண் கலங்கினார்.

மழை தொடங்கியது அந்த ஐப்பசியில். சாதாரண மழையா? வானத்தில் யாரோ தண்ணீர்ப் பீலியைத் திறந்துவிட்டுப் போய்விட்ட மாதிரி. ஒரு முற்பகல், லோஜினியின் திரையில் சிவப்புப் பட்டை ஒன்று எரிந்தது. கொழும்பு மெஷினிடம் மேக்கணக்குக்கு ஒரு சேதி இருக்கிறது. ஆனால் அது மைனாவின் வணக்கத்துக்காக நிற்கிறது. மைனா அதன் கைக்காக நிற்கிறது. பட்டன் அமுக்கவேண்டிய பணிப்பாளர் கித்துல்கலவில், ஆற்றோரத்து ஹோட்டலில், 'அனர்த்தத்தின்போது துரித தொடர்பாடல்' என்ற செயலமர்வில் இருக்கிறார். பேச்சாளருக்கு மரியாதையாகப் போனை நிற்பாட்டி வைத்திருக்கிறார்.

"நீ அமுக்கும்மா!" என்று ராமச்சந்திரன் கத்தினார்.

"பட்டன் அவரு போன்ல இருக்கு சேர். வேற யாரும் அமுக்கக்கூடாதுன்னு நீங்கதான எழுதச் சொன்னீங்க."

"அப்ப அந்தப் பூனை அனுப்பினத போடு!"

"அலுமாரிய ஒடைச்சாலும் அதுல இருக்கிறது கடதாசி சேர். கம்ப்யூட்டர்ல மாத்துறதுக்கும் பணிப்பாளர் அனுமதி வேணும்னு பூட்டியாச்சு."

ராமச்சந்திரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மாமியாரின் முகம் கண் முன்னே வந்து நின்றது. பிறகு மனைவியின் முகம். போனை எடுத்து மாமியாருக்கு அடித்தார். நல்லவேளை, ஆள் பெரட்டுக்களத்துப் பக்கம் நின்றிருக்கிறார்.

"அத்தை! மலை எறங்கப்போகுது! எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் பணிய பள்ளிக்கூடத்துக்கு ஓடுங்க!"

மழைச் சத்தத்துக்கு மேலாக இராஜத்தின் குரல் வந்தது.

"மாப்பிள்ளை, ஒடம்புக்குச் சொகமில்லையா?"

"ஐயோ அத்தை, நெசமாத்தான் சொல்றேன்!"

"மைனா கத்தலீங்களே. மரியாதை இல்லாம வந்தா வதந்தின்னு நீங்கதான சொன்னீங்க. நீங்க சொன்ன சொல்ல நான் ஒருத்திகிட்டயும் விட்டுக்குடுத்தது இல்ல. இப்ப நானே எப்பிடி ஓடுறது?"

உலகத்தில் எந்த மருமகனுக்கும் இப்படி மரியாதை கொடுக்கிற மாமியார் அமைந்திருக்கமாட்டார். ராமச்சந்திரன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"சரி அத்தை, போனை லவுட்ல போடுங்க. எல்லாரையும் கூப்புடுங்க. மரியாதையோட சொல்றேன்."

கூட்டம் கூடியது. ராமச்சந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். மாண்புமிகு இன்னார் அவர்களே, கௌரவ இன்னார் அவர்களே... மூச்சுப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, கோயில் தலைவர் தம்பையா அவர்களே என்று முடித்து, "ஓடுங்க!" என்று அலறினார். யாரும் ஓடவில்லை.

அழகமுத்துவின் குரல் வந்தது. "எம் பேரு எங்கங்க?"

பதற்றத்தில் விட்டுப்போயிருந்தது. "தலைவரே, மன்னிச்சுக்கங்க, தலைவர் அழகமுத்து அவர்களே, ஓடுங்க!"

"கடைசியில சொருகி வச்சா அது மரியாதையா? எனக்காக இல்லீங்க. ஆயிரம் தொழிலாளியோட கௌரவம். மொதல்ல இருந்து வாங்க."

மலை காத்திருந்தது. ராமச்சந்திரன் மறுபடியும் மாண்புமிகுவிலிருந்து வந்தார். இந்தமுறை காலமானவர் இரண்டு பேரையும்கூட விடவில்லை. முடிந்ததும் அழகமுத்து திருப்தியாக, "இதுதான் சேதி. எழும்புங்கடா!" என்றார். பிள்ளைகளையும் பானை சட்டிகளையும் தூக்கிக்கொண்டு லயம் முழுக்கப் பணிய இறங்கியது.

ராமச்சந்திரன் ஒரு த்ரீவீலைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது எல்லாரும் அங்கே இருந்தார்கள். மாமியாரைக் கண்டதும் சேறென்றும் பாராமல் காலில் விழப்போனார். "அட, என்னாங்க மாப்பிள்ளை, ஆளுங்க பாக்குறாங்க" என்று இராஜம் வெட்கப்பட்டு நகர்ந்துகொண்டார்.

அந்த நேரத்தில்தான் போன் எல்லாம் ஒருசேரக் கீக்கீ என்று கத்தின.

கித்துல்கலவில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கிறது. பணிப்பாளர் போனைத் திறந்திருக்கிறார். இத்தனை பெரிய விஷயம் தான் இல்லாமல் நடப்பது முறையா என்று யோசித்திருக்கிறார். சேதியில் ஒரு சிறு திருத்தம் செய்துவிட்டுப் பட்டனை அமுக்கியிருக்கிறார். மஷூர் சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்திருக்கிறார். முதல் சேதியில் பேர்கள், தம்பையா அவர்கள் முன்னால். இரண்டாம் சேதியில் விஷயம்:

"மண்சரிவு அபாயம் காரணமாக மேக்கணக்கு மக்களை வெளியேற்றும் நிகழ்வின் அங்குரார்ப்பண வைபவம் இன்று மாலை பணிப்பாளர் அவர்களின் தலைமையில் லயத்து முற்றத்தில் இடம்பெறும். வெளியேற்றப்படும் பொருட்டு மக்கள் அனைவரும் தத்தமது வீடுகளில் இருந்து ஒத்துழைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்."

தம்பையா எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். "சாமி பேரு மொதல்ல வந்திருச்சு. கெளம்புங்க, மேல போவோம்."

"எங்க போறீங்க? அங்க மலை எறங்குது!" என்று ராமச்சந்திரன் குறுக்கே விழுந்தார்.

"அதுனாலதான போறோம். வெளியேத்துறதுக்கு நாம உள்ள இருக்கணும்ல? வெளிய இருக்கிறவன எப்பிடிங்க வெளியேத்துறது?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். சனம் மூட்டையைத் தூக்கியது. ராமச்சந்திரன் ஒவ்வொருவர் கையாகப் பிடித்து இழுத்தார். "நான் சொல்றேன், போகாதீங்க!" என்றார். அவர் சொன்னதில் மரியாதை எதுவும் இல்லாததால் அது வதந்தியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மாமியாரும் ஒரு மூட்டையோடு நின்றார்.

"நில்லுங்க!" என்றார் அழகமுத்து. "போறதுன்னா ஒழுங்காப் போவோம். முன்னுக்கு யாரு போறது?"

"சேதியில எம் பேருதான மொதல்ல?" என்றார் தம்பையா.

"சேதிக்குத்தான் முறை மாறும். நடைக்கு யாரு சொன்னா? லயத்த எறக்கிக் கொண்டாந்தவன் நான்."

"ஏத்திக்கிட்டுப் போறவன் நான்!"

இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தது. எல்லாரும் ராமச்சந்திரனைப் பார்த்தார்கள். புரோட்டோகோல் மாத்தயா இருக்கும்போது வேறு யார் தீர்ப்புச் சொல்வது? அவருக்குத் தீர்ப்பு உடனே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது: பாதையில் வளைவு வரைக்கும் இவர், வளைவுக்கு மேல் அவர். வாழ்நாளில் முதல்தடவையாக அவர் அதை விழுங்கினார்.

"இது லேசான விஷயம் இல்லீங்களே" என்று தாடையைத் தடவினார். "ரெண்டு பேரும் பெரியவங்க. தம்பையா அண்ணன விட்டா சாமி குத்தம். அழகமுத்துத் தலைவர விட்டா சங்கத்துக்கு அவமானம். ஆனா இன்னொரு சிக்கலும் இருக்கு. நம்ம மாதர் சங்கத் தலைவி எங்க போறது?"

மாதர் சங்கத் தலைவி வேறு யாருமில்லை, இராஜம்தான். அவர் மூட்டையை இறக்கி வைத்தார்.

"அதானே! கொழுந்து பறிக்கிறது நாங்க, சந்தாவும் எங்க சம்பளத்துலதான் வெட்டுறாங்க. பின்னால நடக்க மட்டும் நாங்களா?"

பெண்கள் அத்தனை பேரும் மூட்டையை இறக்கினார்கள். பேச்சு சூடேறியது. எந்தக் காலத்திலோ திருவிழாவில் யாருக்கு முதல் விபூதி கொடுத்தார்கள் என்ற கதை வந்தது. யாருடைய தாத்தா முதலில் கப்பல் ஏறி வந்தவர் என்ற கதை வந்தது. ராமச்சந்திரன் ஒவ்வொரு தடவையும் தணிகிற இடம் பார்த்து, "அப்ப இளைஞர் கழகம்?" என்று ஒரு விறகைச் செருகினார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அன்றைக்கு அந்தக் கூத்தாடி வெளியே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு உள்ளே மாரியம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது மேலே ஒரு சத்தம் கேட்டது. முதலில் லொறி வருகிற மாதிரி இருந்தது. பிறகு லொறி இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. மலையின் நெற்றி அப்படியே வழுகி, தேயிலையும் மரமும் கல்லுமாக இறங்கி, லயத்தின் மேல் படுத்துக்கொண்டது. தொங்கல் காம்பரா இருந்த இடம் தெரியவில்லை. பெண்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதார்கள். வீடு போனதற்கும் அழுதார்கள், ஆள் போகாததற்கும் அழுதார்கள். தம்பையாவும் அழகமுத்துவும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். ராமச்சந்திரன் பள்ளிக்கூட வாங்குப் பலகையில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார்.

பணியகத்தின் அறிக்கை சீக்கிரமே வெளிவந்தது. "மேக்கணக்கில் ஓர் உயிர்கூடச் சேதமடையாமைக்குக் காரணம் புரோட்டோகோல் வழுவாது பின்பற்றப்பட்டமையே." இதைப் பொய் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் இல்லை. லோஜினி நாலு தடவை வாசித்துப் பார்த்தாள், அவளுக்கும் முடியவில்லை. பட்டனும் பேர் வரிசையுமாக மைனா மாகாணம் முழுவதற்கும் விஸ்தரிக்கப்பட்டது. ராமச்சந்திரனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையை அவர் வீட்டுக்கு வந்ததும் கண்ணில் படாத இடத்தில் வைத்தார்.

மேக்கணக்குச் சனம் இன்னும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில்தான் இருக்கிறது. தனி வீடு கட்டிக்கொடுக்க அனுமதி வந்துவிட்டது. காணி பார்த்தாயிற்று, மண்ணும் சோதித்தாயிற்று. அடிக்கல் மட்டும் நாட்டவில்லை. கல்லில் யார் பேர் முதலில் வெட்டுவது என்று தீரவில்லை. அழகமுத்து ஆட்கள் தகரக் கொட்டகையின் மேல்பக்கம், தம்பையா ஆட்கள் கீழ்ப்பக்கம். மழை இரண்டு பக்கமும் ஒழுகுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ராமச்சந்திரன் மாமியாரைப் பார்க்கப் போனார். இராஜம் தகரத்துக்கு அடியில் வாளி வைத்துக்கொண்டே சொன்னார்:

"மாப்பிள்ளை, அன்னைக்குச் சண்டைய இழுத்து எங்க உசுரக் காப்பாத்துனீங்க. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். அதே சண்டைய முடிச்சு வச்சு ஒரு வீட்டையும் வாங்கிக் குடுத்துருங்க. ரெண்டு பேரையும் ஒக்கார வச்சுப் பேசுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

ராமச்சந்திரனுக்கு மனம் இளகிப்போனது. "பேசுறேன் அத்தை. இன்னைக்கே பேசுறேன். பேரே இல்லாம வெறுங்கல்ல நட்டுருவோம். வீடுதான முக்கியம்?"

இராஜம் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வெறுங்கல்லா? நல்லாருக்கே! மொதல்ல மாதர் சங்கம் பேர வெட்டுங்க. அதுக்குப் பொறகு அவனுக ரெண்டு பேரும் எப்பிடியும் அடிச்சுக்கட்டும்."